போசன் இறங்காத அறை

எங்கள் தெருவில் போசனைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். புயலில் கவிழ்ந்த படகுக்காக, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்தவர் என்பது ஒன்று. சொந்த மச்சான் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தபோது ஓர் ஏணியில் இறங்க மறுத்தவர் என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்லும்போது குரல் உயரும். இரண்டாவதைச் சொல்லும்போது சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். நான் வருவதைக் கண்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவர் என் அம்மாவின் அண்ணன்.

கடலோரக் காவல் கப்பலில் மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவராக இருப்பவரை போசன் என்பார்கள். கயிறு, நங்கூரம், படகு இறக்குவது, துரு சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் பட்டம் மட்டும் ஓய்வு பெறவில்லை. என் அத்தை, அதாவது அவர் மனைவி, அதைச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்வார். "உங்க போசனுக்கு இன்னைக்குச் சோறு வேணாமாம். வயிறு நிறைய துருவைத் தின்னுட்டு வந்திருக்கார்."

அத்தைக்கும் கப்பலுக்கும் ஆகாது. கல்யாணம் ஆன புதிதில் போசன் மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். கரைக்கு வந்தாலும் காது அங்கேயே இருக்கும். காற்று கொஞ்சம் திசை மாறினால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்குவார். "மூத்தவ கூப்பிடுறா, போங்க" என்பார் அத்தை. கப்பலுக்கு அவர் வைத்த பெயர் அதுதான், மூத்தவள். குழந்தை இல்லாத வீடு. மாடியில் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, ஏறும்போது அதிரும் இரும்புப் படி, துறைமுகத்தைப் பார்த்து ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகக் கப்பலின் கொடிமரம் தெரியும். அத்தை அதில் எப்போதும் துணி காயப்போட்டு வைப்பார்.

கப்பலின் கதையை நான் சொல்லத் தேவையில்லை. இப்போது அது காட்சிக்கப்பல். டிக்கெட் வாங்கி உள்ளே போனால் சுவர் முழுக்கப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். கடத்தல் படகுகளை விரட்டியது, எரிந்த எண்ணெய்க் கப்பலுக்கு நுரை அடித்தது, கவிழ்ந்த படகுக்காரர்களைக் கரை சேர்த்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் போசன் சொல்வது வேறு. "உசுரோட எடுத்தவங்களை ஊரு எண்ணிச்சு. மத்தவங்களை நாங்க எண்ணினோம்." அந்த மற்றவர்களைக் கிடத்தும் இடம் பின்தளம். தண்ணீர் ஊற்றிக் கழுவ வசதி என்பதால் அங்கே. இப்போது அதே இடத்தில் ஐஸ்கிரீம் வண்டி நிற்கிறது. போசன் அதைக் கடந்து போகும்போது மட்டும் செருப்பை அழுத்தாமல் நடப்பார்.

அந்த மற்றவர்களில் மூன்று பேரைப் பற்றி ஒரு முறை சொல்லியிருக்கிறார். நடுக்கடலில் ஒரு மீன்பிடிக் கப்பல் ஆளில்லாததுபோல் ஆடிக்கொண்டிருந்தது. ஏறிப் பார்த்தால் மீன் போடும் அடியறையில் ஒருவர் மேல் ஒருவராக மூன்று பேர். பிடித்த மீன் அழுகி அறையின் காற்றைக் கெடுத்திருந்தது. முதலில் இறங்கி விழுந்தவன் மகன். அவனைத் தூக்க இறங்கியவர் அப்பா. இருவரையும் தூக்க இறங்கியவர் சமையல்காரர். "எவனும் முட்டாள் இல்ல. பாசம்தான். மேல இருக்கிறவன் கையில கீழ இருக்கிறவன் சட்டை. பிரிச்செடுக்க முடியல" என்றார். அதற்குப் பலகை எதுவும் மாட்டவில்லை.

கப்பலுக்கு வயதாகி, கொடியை இறக்கியபோது அதை உடைக்கிற இடத்துக்கு அனுப்புவதாக இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து குழு அமைத்து, கேட்டு வாங்கி, பழைய கடற்பாலத்தின் ஓரம் கட்டிப்போட்டார்கள். குழுத் தலைவர் ஒரு முன்னாள் தலைமையாசிரியர். அவருக்குக் கப்பலில் ஏறினால் தலை சுற்றும், ஆனாலும் ஏறுவார். பராமரிப்பு போசன். பெயிண்ட் அடிக்க ஒரு பெயிண்டர், வாசலில் ஒரு காவலாளி, டிக்கெட் கவுண்டரில் நான்.

"ஓய்வு எடுத்துக்கிட்டும் அவ வீட்டுக்குத்தானா?" என்று கேட்டார் அத்தை.

"அவ இப்ப படுத்த படுக்கையா கிடக்கா. பார்த்துக்க ஆள் வேணாமா?"

"நான் படுத்தா யாரு பார்ப்பா?"

"நீ எங்க படுக்கப் போற? உன் வாய் உன்னைப் படுக்க விடுமா?"

அத்தை சிரித்துவிட்டார். அப்போதெல்லாம் சிரிப்பார்.

கடலில் ஓடும் கப்பலைவிடக் கட்டிப்போட்ட கப்பல் சீக்கிரம் கெடும். ஓடும்போது நாற்பது கை அதன்மேல் வேலை செய்துகொண்டே இருக்கும். நின்றுவிட்டால் மழையும் உப்பும் மட்டுமே வேலை செய்யும். போசன் அவற்றோடு மல்லுக்கு நின்றார். எதிரி தண்ணீர் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. கதவுகளுக்குப் புது ரப்பர் போட்டார். கீழே போகும் மூடிகளை இறுக்கிப் போல்ட் அடித்தார். மிச்சம் இருந்தது குழாய்கள்.

மேல்தளத்தில் ஆங்காங்கே கைத்தடியின் பிடிபோல் வளைந்த குழாய்கள் நிற்கும். அடியில் இருக்கும் அறைகள் மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். கடலில் இருந்த காலத்தில் பெரிய அலை வந்தால் மூடுவார்கள், அடங்கினால் திறப்பார்கள். அதற்கென்று ஆள் இருந்தது. இப்போது ஆளும் இல்லை, மூடிகளும் துருவேறிப் பாதியில் நின்றுவிட்டன. காற்றோடு மழை வந்தால் சாரல் குழாய்க்குள் போனது. போசன் மரத்தில் தக்கை செதுக்கினார். கிரீஸ் தடவிய துணியைச் சுற்றி ஒவ்வொரு குழாயின் வாயிலும் சுத்தியலால் அடித்து இறக்கினார். பெயிண்டர் அதன்மேல் வெள்ளை பூசினார். தக்கை எது குழாய் எது என்று தெரியாதபடி வழவழவென்று ஆகிவிட்டது.

குழுத் தலைவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "ஊறுகாய் ஜாடி மாதிரி மூடிட்டீங்க போசன். இன்னும் நூறு வருஷம் கெடாது."

போசன் அன்று வீட்டுக்கு வந்து அதை அத்தையிடம் சொன்னார். அத்தை, "என் வீட்டுச் சமையல்கட்டுல ஒழுகுது. அதை அடைக்க உங்களுக்கு நேரமில்ல" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அத்தையின் தம்பி வேலை இல்லாமல் இருந்தார். வெல்டர். நல்ல கைகாரர், அதைவிட நல்ல வாய்க்காரர். அவர் வேலை செய்த பட்டறையை மூடிவிட்டார்கள். மனைவியும் அவரும் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள். பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து போவோர் வருவோரைக் கேலி செய்துகொண்டிருப்பார். மாலையானால் கேலியும் தீர்ந்து சும்மா உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் கயிறு போட்டு இழுத்தீங்க. என் தம்பிக்கு ஒரு கை கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"அங்க வெல்டிங் வேலை வந்தா சொல்றேன்."

"வரவழைங்க."

வேலை தானாகவே வந்தது. கப்பலின் மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருப்பதைப் போசன் ஒரு காலையில் கண்டுபிடித்தார். பெயிண்ட் அடித்த கோடு தண்ணீருக்குள் போயிருந்தது. முன்னால், நங்கூரச் சங்கிலி கிடக்கும் இடத்துக்கும் கீழே ஒரு வெற்றறை உண்டு. அதன் அடித்தகடு எங்கோ ஊசித்துளை விட்டிருக்க வேண்டும். துறைமுக அலுவலகத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். மறுநாள் திரும்ப வருவோம், கசிவு நிற்கவில்லை என்றால் பாலத்தோரம் மூழ்க விட முடியாது, இழுத்துக்கொண்டுபோய் உடைக்கக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். குழுத் தலைவர் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். போசன் நேராக மச்சான் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை வெல்டர் தோளில் பையோடு கப்பலில் ஏறும்போதே கத்திக்கொண்டு வந்தார். "என்ன மச்சான், உங்க மூத்த சம்சாரத்துக்கு வயித்துல ஓட்டையாமே?"

"வாயை மூடிட்டு பூட்ஸப் போடு மாப்ள. கீழ தண்ணி நிக்கும்."

"அக்காதான் போடான்னு துரத்திவிட்டா. சக்களத்திக்கு வைத்தியம் பாக்கச் சொந்தத் தம்பியையே அனுப்புற பொம்பளைய நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

பெயிண்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். பார்வையாளர்கள் வர நேரம் இருந்ததால் கவுண்டரைத் திறக்காமல் வேடிக்கை பார்க்க முன்பக்கம் போயிருந்தேன்.

எண்ணெய்த் தொட்டியைத் திறப்பதாக இருந்திருந்தால் போசன் ஒரு நாள் முழுக்க விசிறி வைத்துக் காற்று ஊதாமல் ஒருவரையும் கிட்டே விட்டிருக்க மாட்டார். இறங்குபவரின் இடுப்பில் கயிறு கட்டியிருப்பார். அந்த ஒழுங்கு அவர் எலும்பில் ஊறியது. ஆனால் இது தொட்டி இல்லை. அறை. அந்தக் காலத்தில் பழைய கயிறும் பெயிண்ட் டப்பாவும் போட்டு வைத்திருந்த இடம். வெயில் கொளுத்தும் மதியங்களில் அவரே அங்கே இறங்கிக் கயிற்றுச் சுருள்மேல் படுத்துத் தூங்கியிருக்கிறார். தூங்கிய அறையைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

போல்ட்டுகளைக் கழற்றி மூடியை நெம்பினார்கள். விளிம்பு விலகியபோது சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் சத்தம், யாரோ தூக்கத்தில் மூச்சை இழுப்பதுபோல.

"பாத்தியா, எவ்வளவு இறுக்கமா மூடியிருந்தேன்னு" என்று போசன் பெயிண்டரிடம் பெருமையாகச் சொன்னார்.

வெல்டர் பேட்டரி விளக்கோடு ஏணியில் இறங்கினார். பேசிக்கொண்டே இறங்கினார். "மச்சான், இங்க ஒரு குடித்தனமே நடத்தலாம் போலிருக்கே. வாடகை எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லுங்க. தண்ணி வசதி வேற இருக்கு." அடியில் கால் வைத்தார். முழங்கால்வரை தண்ணீர். "என்ன இது, காலு..." என்றார். ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்தவர் உட்காருவதைப்போலத்தான் இருந்தது. பிறகு சுவரில் சாய்ந்தார். சாய்ந்தபடியே தண்ணீருக்குள் சரிந்தார். விளக்கு அணையவில்லை. அது தண்ணீருக்கு அடியில் கிடந்து எரிந்தது.

"அண்ணன் வழுக்கிட்டாரு!" என்று பெயிண்டர் மூடி திறந்த ஓட்டைக்குள் காலை விட்டார்.

போசன் அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் எறிந்தார். எறிந்த வேகத்தில் பெயிண்டரின் தலை கம்பியில் மோதியது. "எவனும் இறங்கக் கூடாது!" அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மல்லாந்து விழுந்து ஓட்டையைத் தன் முதுகால் அடைத்துக்கொண்டார். சத்தம் கேட்டு ஓடி வந்த காவலாளி ஒன்றும் புரியாமல் அவர் நெஞ்சில் குத்தினார். "உசுரு போகுதுய்யா! உன் மச்சான்யா அது! நகருய்யா!" நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். மூன்று பேர் இழுத்தும் நகரவில்லை. "தீயணைப்புக்கு ஓடுங்கடா. மூச்சு பாட்டிலோட வரச் சொல்லுங்க. கவுண்டர்ல இருக்கிற விசிறியைக் கொண்டா" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. குரல் மட்டும் ஆட்களுக்கு உத்தரவு போடும் குரலாகவே இருந்தது.

விசிறியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். போசன் இன்னொரு கயிற்றில் சுருக்குப் போட்டு வீசினார். அலையில் ஆடும் படகில் நின்று, நீந்துபவன் தோளில் விழும்படி வீசிய கை அது. இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை காலில் விழுந்து இறுகியது. மூச்சைப் பிடித்து இழுத்தோம். கொஞ்சம் கனத்தது, பிறகு சட்டென்று லேசானது.

பூட்ஸ் மட்டும் மேலே வந்தது.

தீயணைப்புக்காரர்கள் முகமூடியோடு இறங்கி அவரை மேலே தூக்கி வந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. அவர்களின் அதிகாரி எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். இரும்பு துருப்பிடிக்கக் காற்று வேண்டும். நாம் மூச்சுக்கு எடுக்கும் அதே உயிர்க்காற்றைத்தான் துருவும் எடுத்துக்கொள்கிறது. மூடிய அறையில், ஈரமும் சேர்ந்தால், துரு அதைத் தின்று தீர்த்துவிடும். நாற்றம் இருக்காது, புகை இருக்காது. இறங்குபவனுக்கு இரண்டு மூச்சு போதும். "இவர் மட்டும் உங்களைத் தடுக்கலைன்னா இன்னைக்கு நாலு பேரைத் தூக்கியிருப்போம்" என்றார். போசனின் கையைக் குலுக்க நீட்டினார். போசனின் கையில் பூட்ஸ் இருந்தது. அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

அத்தைக்கு யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நாங்கள் போகும்போது தம்பி வீட்டு வாசலில் நின்றிருந்தார். அழவில்லை.

"இடுப்புல கயிறு கட்டினீங்களா?"

"இல்ல."

"இறங்கினீங்களா?"

போசன் கையிலிருந்த பூட்ஸை மாற்றிப் பிடித்தார்.

"கேக்கறேன்ல. இறங்கினீங்களா?"

"இறங்கல."

அத்தை திரும்பி உள்ளே போனார். உள்ளே தம்பி மனைவியின் குரல் உடைந்து உடைந்து வந்துகொண்டிருந்தது. அத்தை அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். துணிமணியை எடுக்கக்கூட மாடிக்கு வரவில்லை, நான்தான் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "உங்க மாமன் எப்படி இருக்கார்னு கேக்க மாட்டேன். சொல்லாத" என்றார்.

ஊர் தன் வேலையைத் தொடங்கியது. அன்னியனுக்காகக் கடலில் குதித்தவன் மச்சானுக்காக ஏணியில் இறங்கவில்லை என்று அளந்து பார்த்தார்கள். ஊரான் பார்க்கிறான் என்றால் குதிப்பார் என்றார்கள். டீக்கடை வாசலில் உயரமான ஒரு படி உண்டு. போசன் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது உள்ளிருந்து ஒரு குரல் வரும். "பார்த்து போசன், இறங்கணும். ஒரே ஒரு படிதான்." சிரிப்பு கேட்காது. கேட்காதபடி சிரிப்பார்கள். போசன் அதற்கப்புறம் டீயைக் கப்பலிலேயே போட்டுக் குடித்தார்.

கப்பல் பிழைத்துக்கொண்டது. வெளியிலிருந்து ஆட்கள் வந்து, முறைப்படி காற்று ஊதி, கசிவை அடைத்தார்கள். துறைமுக அலுவலகமும் அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் இல்லாத கூட்டம் வந்தது. மேல்தளத்துப் பீரங்கியைப் பார்க்காமல் நேராக முன்பக்கம் போய், "எந்த ஓட்டை?" என்று கேட்டார்கள். குழுத் தலைவர் அங்கே ஒரு பலகை மாட்டினார். போசனின் நிதானத்தால் மூன்று உயிர்கள் காப்பாற்றப்பட்ட இடம் என்று அழகான எழுத்தில். போசன் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "உங்க பேரை ஊரு கெடுக்குது. நாம சரி பண்ண வேணாமா?"

அந்த அறைக்கு ஏன் மூச்சு இல்லாமல் போனது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மூடிய அறை என்றார்கள். மூடியது யார் என்று கேட்கவில்லை. வெல்டரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே போசன் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனார். வெள்ளைப் பூச்சைச் சுரண்டி, தக்கைகளை ஒவ்வொன்றாகப் பிளந்து எடுத்தார். பெயிண்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் கட்டு.

"அண்ணே, இதை நீங்களா போய் யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. பூசினது நான். என்னையும் சேர்த்து இழுக்காதீங்க."

"நீ பூசினே. அடிச்சது நான்."

"செத்தவரு திரும்பி வரப் போறாரா?"

போசன் தக்கைகளைக் கடலில் போட்டார். மரம் என்பதால் மூழ்காமல் பாலத்தோரம் சில நாள் மிதந்துகொண்டே இருந்தன.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு மதியம் கவுண்டர் முன்னால் வரிசையில் அத்தை நின்றிருந்தார். அதுவரை அந்தக் கப்பலில் அவர் கால் வைத்ததில்லை.

"ஒண்ணு கொடு" என்றார்.

"அத்தை, நீங்க சும்மா போங்க."

"யாரும் சும்மா போகலையே. கொடு."

டிக்கெட்டைக் கையில் பிடித்தபடியே முன்பக்கம் நடந்தார். கவுண்டரைப் பெயிண்டரிடம் விட்டுவிட்டு நானும் பின்னால் போனேன். போசன் தரையில் உட்கார்ந்து துரு சுரண்டிக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். எழுந்திருக்க முயன்று, முடியாமல், அப்படியே இருந்தார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. பலகையை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"மூணு பேரைக் காப்பாத்துனீங்களாமே."

போசன் சுரண்டும் தகட்டைக் கீழே வைத்தார்.

"யோசிச்சுப் பார்த்துட்டேன். இவனையெல்லாம் இறங்க விட்டிருந்தா" என்று என்னைக் கையால் காட்டினார், "இவங்க அம்மா மூஞ்சில நான் எப்படி முழிச்சிருப்பேன்? நீங்க இறங்கியிருந்தா நானும் தம்பி பொண்டாட்டி மாதிரி உட்கார்ந்திருப்பேன். எல்லாம் புரியுது. வயிறுதான் எரியுது. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அதோடு அவர் போயிருப்பார். மன்னிப்பு என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தார். போசன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"அது பொய்" என்றார் போசன்.

"எது?"

"அந்தப் பலகை." கையை ஊன்றி எழுந்தார். பக்கத்தில் இருந்த வளைந்த குழாயைத் தொட்டார். "இதோட வாயில ஒரு தக்கை இருந்துச்சு. நான்தான் செதுக்கி அடிச்சேன்."

"எதுக்கு?"

"மழை உள்ள போகாம இருக்க."

"அடைச்சா?"

"கீழ இருக்கிற ரூமுக்கு மூச்சு நின்னுடும்."

அத்தை குழாயின் வாயைக் குனிந்து பார்த்தார். உள்ளே இருட்டு. "இது உங்களுக்குத் தெரியாதா? காலம் பூரா இவளோடதானே குடும்பம் நடத்துனீங்க?"

"தொட்டின்னா தெரிஞ்சிருக்கும். அது ரூமு. நான் படுத்துத் தூங்கின ரூமு. எனக்குத் தோணவே இல்ல." குழாயிலிருந்து கையை எடுத்து, "நான் இறங்காததால அவன் சாகல. நான் அடைச்சதால செத்தான்" என்றார்.

பார்வையாளர்கள் இரண்டு பேர் வந்து ஓட்டையை எட்டிப் பார்த்து, பலகையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போகும்வரை அத்தை நகராமல் நின்றார்.

"யாருக்குத் தெரியும் இது?"

"பெயிண்டருக்கு. தலைவர் தக்கையைப் பார்த்திருக்கார், காரணம் அதுதான்னு அவருக்குத் தோணல. இப்ப இவனுக்கு."

"என் தம்பி பொண்டாட்டிக்கு?"

"நாளைக்கு வந்து நானே சொல்றேன். கால்ல விழறேன்."

"வேண்டாம்."

"சொல்லித்தான் ஆகணும். இத்தனை நாளா..."

"வேண்டாம்னு சொல்றேன்ல. உங்க பாரம் இறங்கணும்னு அவ தலையில கொண்டுபோய் இறக்குவீங்களா? இறங்கலைன்னு உங்களைத் திட்டிக்கிட்டிருக்கா. திட்டறதுலயாவது அவளுக்குப் பொழுது போகுது. இதைக் கேட்டா அந்தத் திட்டுக்கூட வாயில வராது." அத்தையின் கையில் டிக்கெட் கசங்கி உருண்டையாகிவிட்டிருந்தது. "நீங்க அடைச்சு வெச்சீங்க. நான் போடா போடான்னு துரத்திவிட்டேன். ரெண்டு பேருமா சேர்ந்துதான் பண்ணியிருக்கோம்."

போகும்போது திரும்பாமல் சொன்னார். "சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுறேன்."

போசன் கொஞ்ச நேரம் கழித்துக் கவுண்டருக்கு வந்தார். "கேட்டியா? வர்றாளாம்" என்றார். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் என்னவோ ஒன்று அசைந்தது. சீக்கிரமே கிளம்பிப்போய் அறையைப் பெருக்கினார், பால் வாங்கி வைத்தார், சமையல்கட்டில் ஒழுகும் இடத்தில் ஒரு தகடு வைத்து அடித்தார். நான் அத்தையின் பையைத் தூக்கிக்கொண்டு இரும்புப் படி ஏறியபோது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வா" என்றார்.

அத்தை வாசற்படியிலேயே நின்றார். "மன்னிச்சுட்டு வந்தேன்னு நினைச்சுக்காதீங்க. தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பிறகு அவ கையால ஒரு வாய் எப்படி வாங்கித் தின்பேன்? அவ அழுதா எப்படித் தொட்டுத் தேத்துவேன்? எனக்குப் போக வேற இடம் இல்ல. அதான் வந்தேன்."

உள்ளே போய்ப் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். மூன்று டம்ளரில் ஊற்றினார். தன் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையல்கட்டிலேயே நின்று குடித்தார்.

தம்பி மனைவி போன வருடம் உடம்பு சரியில்லாமல் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் இதை எழுத முடிகிறது. போசன் இன்னும் கப்பலுக்குப் போகிறார். காலையில் எல்லா மூடிகளும் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார், மாலையில் கிளம்பும்போது மூடாமல் வருகிறார். மழை குழாய்களுக்குள் இறங்குகிறது. அடியறைகளில் துரு செதில் செதிலாக எழும்பியிருக்கிறது. "இப்படியே விட்டா பத்து வருஷம்கூடத் தாங்காதே போசன்" என்று குழுத் தலைவர் புலம்புகிறார். "தாங்கற வரைக்கும் தாங்கட்டும்" என்பார் போசன். பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்.

போன வாரம் நான் வீட்டுக்குப் போயிருந்தபோது சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. அத்தை தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த ஜன்னலில் துணி காயப்போடுவதில்லை. சாரல் உள்ளே அடித்தது. போசன் பழக்கத்தில் எழுந்துபோய் ஜன்னல் கதவில் கை வைத்தார்.

"இருக்கட்டும்" என்றார் அத்தை, தலையை நிமிர்த்தாமல்.

போசன் கையை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் தரையில் ஓடி வந்தது. அத்தை வெங்காயத் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.